சும்மா கெடக்குற எடம்

"சும்மாதான் வந்தேன்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் காபி போட்டுக் கொடுப்பேன். "சும்மா இருங்க" என்று என் மகன் சொன்னால் முறைத்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் "சும்மா கெடக்குற எடம்" என்று எவராவது வாயைத் திறந்தால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். நான் பிறந்து வளர்ந்தது படாளம் பக்கம். பாலாற்றில் மணல் சும்மாதானே கெடக்குது என்றார்கள், ராப்பகலாக அள்ளினார்கள். இன்றைக்கு அங்கே பள்ளமும் சீமைக்கருவேலமும்தான் இருக்கின்றன. ஏரி கோடையில் சும்மாதானே கெடக்குது என்றார்கள், மனை போட்டு விற்றார்கள். மழைக்காலத்தில் ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தபோது ஐயோ வெள்ளம், ஐயோ வெள்ளம் என்று டி.வி.யில் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரவில்லை.

இப்போது நான் இருப்பது செங்கல்பட்டில். தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, கடற்கரைச் சாலைக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளியின் பின்சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் உப்பங்கழி. இன்னும் கொஞ்சம் நடந்தால் அது கடலோடு சேர்கிற இடம். பிள்ளைகளில் பாதிப் பேர் அதைச் சுற்றியுள்ள குப்பத்திலிருந்தும் காலனியிலிருந்தும் வருகிறவர்கள்.

அரையாண்டுத் தேர்வில் "கழிமுகம் – குறிப்பு வரைக" என்று ஒரு கேள்வி வந்திருந்தது. விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில், "கழிமுகம் என்பது கழிவுநீர் வந்து சேரும் இடம் ஆகும்." சரி, ஒருவன் அப்படி எழுதினான் என்று அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே. அதற்கடுத்ததில், "கழிவறைக்கு முன்னால் உள்ள பகுதி கழிமுகம் எனப்படும்." ஒரு மகராசன் மட்டும் தனியாக யோசித்து, "காலையில் எழுந்து முகம் கழுவும் இடம்" என்று எழுதியிருந்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கழிமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்த பிள்ளைகள்! அதில் பிடித்த இறாலையும் நண்டையும் தின்று வளர்ந்த பிள்ளைகள்!

பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் தாள்களை மேசைமேல் போட்டுவிட்டு ஒரு பாட்டம் திட்டினேன். "தினம் அந்தப் பக்கமாத்தானே ஸ்கூலுக்கு வரீங்க? கண்ணு எங்க இருந்துச்சு? பொடனியிலயா?" என்று கேட்டேன். எல்லாரும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவளுடைய அம்மா உப்பங்கழியில் இறால் தடவப் போகிறவர். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மார்பளவு தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, வெறும் கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள்.

"டீச்சர், மொகத்தாரத்தயா சொல்றீங்க? அத்தயா கழிமுகம்னு போட்டுகீது?" என்றாள்.

"ஆமா. முகத்துவாரம்தான். ஆறும் கடலும் சேர்ற எடம்."

"அப்ப மொகத்தாரம்னே போட வேண்டிதுதான? கழின்னு போட்டா நாங்க இன்னான்னு நெனப்போம்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வந்தாலும் கோபம் போகவில்லை, ஆள் மட்டும் மாறியது. கழி என்றால் கடல்நீர் உள்ளே வந்து தங்கும் நீர்நிலை. எவ்வளவு பழைய சொல், எவ்வளவு நல்ல சொல்! கழிவு, கழிப்பறை என்று எழுதி எழுதி அந்தச் சொல்லையே நாறடித்து வைத்திருக்கிறோம். சொல்லை மட்டுமா? கடற்கரைச் சாலையில் இருக்கிற சொகுசு விடுதிகளிலிருந்து டேங்கர் லாரி வந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கழியில் போய்ச் சேருகிற கால்வாயில் குழாயைத் திறந்துவிட்டுப் போவதை இந்தப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். கழிவுநீர் வந்து சேரும் இடம் என்று எழுதினால் தப்பு என்று நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன்? அந்த விடைக்கு மதிப்பெண் போடவும் முடியவில்லை, தப்பு என்று சுழிக்கவும் மனம் வரவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், பிள்ளைகளை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்த வேண்டும் என்று. கடலில் பொரிக்கிற இறால் குஞ்சு கழிக்குள் வந்துதான் வளர்கிறது. அந்தச் சேற்றில் இருக்கிற புழுவைத் தின்னத்தான் எங்கெங்கிருந்தோ உள்ளான் குருவிகள் பறந்து வருகின்றன. மழை வெள்ளத்தை வாங்கிக் கடலுக்கு விடுவதும், கடல் சீறினால் முதலில் தாங்கிக்கொள்வதும் அந்தச் சேற்று வெளிதான். இதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினால் பிள்ளைகளுக்குத் தூக்கம்தான் வரும்.

தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன். கருங்குழியிலிருந்து வருகிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பணி ஓய்வை எட்டிப் பார்த்துக்கொண்டு, அதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று தினமும் சாமி கும்பிடுகிறவர். "ஐயையோ டீச்சர், தண்ணி கிட்டயா? ஏதாவது ஒண்ணு வுழுந்து வெச்சா என் பென்ஷன் போயிடும். படத்தக் காட்டி நடத்துங்க, போதும்" என்றார்.

"மேடம், அதுங்க வீடே தண்ணி கிட்டதான் இருக்கு" என்றேன்.

"அது அவுங்க வூடு. இது ஸ்கூலு" என்றார். பேச்சு முடிந்துவிட்டது.

சில நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி. ஏதோ ஒரு கம்பெனி நம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு தரப்போகிறதாம். அதற்கு முன்னால் பிள்ளைகளை வைத்து ஒரு மரம் நடும் விழா நடத்த வேண்டுமாம். "நீங்க கேட்டுகினே இருந்தீங்களே, இப்ப கூட்டினு போங்க" என்றார்.

"எங்க மேடம் நடுறாங்க?"

"அதான், மொகத்துவாரம் பக்கத்துல பெரிசா ஒரு எடம் சும்மா கெடக்குதே, அங்கதான்."

எனக்குச் சுரீர் என்றது. "மேடம், அது சும்மா கிடக்கல. அது சேத்து வெளி. தண்ணி வந்து போற எடம்."

"நேத்துக்கூட பஸ்ல வரும்போது பாத்தேனே, பொட்டுத் தண்ணி இல்ல. நீங்க எதுக்கெடுத்தாலும் ஏதாவது சொல்லுவீங்க" என்றார்.

போக மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக எனக்கு வேறு வழியும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

விழா நடந்தது தை மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில். அஷ்டமி நவமியில் எங்கள் வீட்டில் எதையும் தொடங்க மாட்டார்கள். நான் அதெல்லாம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் கடலோரத்தில் அஷ்டமிக்கு வேறு கணக்கு. நிலா பாதியாக இருக்கும் நாட்களில் கடல் அடங்கிக் கிடக்கும். தண்ணீர் கழிக்குள்ளேயே ஏறி இறங்கும், சேற்று வெளி வரைக்கும் வராது. சேற்று வெளியின் மேற்பரப்பு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, பார்க்கிறவர்களுக்குக் கிரிக்கெட் மைதானம் போலத் தெரியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வந்து பார்த்தால்தான் அது யாருடைய இடம் என்று தெரியும்.

பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். "கழிமுகம் காப்போம்" என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கையுறை, பிஸ்கட் பாக்கெட். ஒரு வேன் நிறைய வேம்பு, புங்கன், கொய்யா. கொய்யா! உப்புச் சேற்றில் கொய்யா! நான் தலையில் அடித்துக்கொண்டேன். கம்பெனியின் சார்பில் ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயதுகூட இல்லை, கலகலப்பான ஆள், எல்லாரையும் மேடம், சார் என்றார். அவரிடம் போய்ப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"சார், இங்க வேப்பங்கன்னு நிக்காது. உப்புத்தண்ணி ஏறும்."

"இல்ல மேடம், ட்ரோன் விட்டு சர்வே பண்ணியாச்சு. ஃபுல்லா ட்ரை. சும்மா கெடக்குற லேண்ட்."

"சும்மா கெடக்குதா? குனிஞ்சு பாருங்க சார். ஒவ்வொரு அடியிலயும் நண்டு வளை இருக்கு. அதோ ஓடுதே சின்னச் சின்னக் குருவி, அது சும்மாவா ஓடுது? எல்லாம் இந்தச் சேத்துல சாப்பிட வந்தது."

அவர் போனை எடுத்து அந்தக் குருவிகளைப் படம் பிடித்தார். "செம மேடம். நைஸ் பேர்ட்ஸ்" என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எதைச் சொல்வது? கேட்க மாட்டேன் என்று சண்டை போடுகிறவனோடு மல்லுக்கட்டலாம். கேட்டு, சிரித்து, நன்றி சொல்லிவிட்டு, தான் நினைத்ததையே செய்கிறவனை என்ன செய்வது?

மைக்கில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் என் பிள்ளைகளை ஓர் ஓரமாக உட்காரவைத்து நண்டு வளையைக் காட்டிப் பேசிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டார்கள். குழி தோண்டினார்கள், கன்றை வைத்தார்கள், சிரித்தார்கள். பாவம், அதுகளுக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒருத்தி, அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண், தொப்பியோடு தள்ளி நின்றாள்.

நட்டு முடித்ததும் ஆடு மேயாமல் இருக்க என்று நீல நைலான் வலையைச் சுற்றிலும் கட்டினார்கள். தண்ணீர் ஓரம் வரைக்கும் கட்டினார்கள். அந்த நேரத்தில் பறியோடு சில பெண்கள் வந்தார்கள். அதில் அந்தப் பெண்ணின் அம்மாவும் இருந்தார். தண்ணீரில் இறங்க அவர்களுக்கு அதுதான் வழி.

கம்பெனிக்காரர் சிரித்த முகத்தோடு குறுக்கே போனார். "அம்மா, இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது. செடிங்கள மிதிச்சிடுவீங்க. சுத்திப் போங்க."

"இன்னா சார், சுத்தினு போறதுன்னா பாலத்தாண்ட போயில்ல வரணும்? அதுக்குள்ள தண்ணி ஏறிடும். அப்பறம் எங்க தடவறது?" என்றார் அந்த அம்மா.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா. மரம் வளந்தா நெழல் கெடைக்கும்."

நிழலாம்! மார்பளவு தண்ணீரில் நிற்கிறவளுக்கு நிழலாம்! எனக்கு நல்லா வந்தது வாயில். "சார், அவங்க தினம் பொழைக்கிற எடம் அது. அடைக்க நீங்க யாரு?" என்று கத்தினேன். பாட்டு நின்றிருந்த நேரமாகப் பார்த்துக் கத்திவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பினார்கள். தலைமையாசிரியை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், வுடுங்க. போர்டு வரணும்" என்று காதோரம் சொன்னார். அந்த அம்மா பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். மகள் கம்பெனித் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டாள்.

தை அமாவாசை வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம் நெரிந்தது. கடல் ஏறியது. அது ஏறுகிற நாள்தானே? மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது கொய்யாவும் இல்லை, வேம்பும் இல்லை. கன்றுக்கு முட்டுக் கொடுத்த குச்சிகள் மட்டும் அங்கங்கே சாய்ந்து கிடந்தன. பச்சைத் தொப்பி ஒன்று கரையொதுங்கியிருந்தது. சரி, கடல் தன் பாடத்தைத் தானே நடத்திக்கொண்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் தலைமையாசிரியை அறையில் ஒரே கூட்டம். கம்பெனிக்காரர் செடியெல்லாம் வளர்ந்திருக்கிறதா என்று படம் எடுக்கப் போயிருக்கிறார். ஒரு செடிகூட இல்லை. நீல வலை ஓரிடத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு அறுந்திருக்கிறது. அதை அறுத்தது இந்தப் பெண்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தன செடியயும் புடுங்கிப் போட்டுகிறா டீச்சர்! அவுங்க எவ்ளோ ஆசையா வெச்சிட்டுப் போனாங்க!" என்றார் தலைமையாசிரியை.

நான் அவளைப் பார்த்தேன். "வலய அறுத்தது நாந்தான் டீச்சர். அம்மா போறதுக்கு. செடியத் தொடல" என்றாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"செடியக் கடல் கொண்டு போச்சு மேடம். முந்தாநேத்து அமாவாசை" என்றேன்.

"கடலு வந்து செடியப் புடுங்குமா? கேக்கறவன் கேணயனா இருந்தா எது வேணா சொல்லுவீங்க போல" என்றார் எங்கள் விளையாட்டு ஆசிரியர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவுங்க ஆளுங்களுக்கு நல்லது செஞ்சா இப்டித்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"சார், அவங்க ஆளுங்கன்னா யாரு? தெளிவா சொல்லுங்க. இங்க எல்லாரும் கேக்கட்டும். புள்ளையும் நின்னுக்கிட்டு இருக்குது, அதுவும் கேக்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கடலுக்குள் கொய்யா நட்ட புத்திசாலிக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வழி விட்ட பெண் கம்பெனி ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதுதான் தீர்ப்பு. டி.சி. கொடுத்தால் அவள் இன்னொரு பள்ளி தேடிப் போக மாட்டாள் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அக்கா எட்டாவதோடு நின்று இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனவள். இவளுக்கும் அங்கே இடம் தயாராகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் வகுப்புக்குள் விடக்கூடாது என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நான் வாசற்படியில் நின்று, உள்ளே ஒரு கண்ணும் வெளியே ஒரு கண்ணுமாகப் பாடம் எடுத்தேன். அந்த நாட்களில் என்னிடம் யாராவது நல்ல வார்த்தை பேசியிருந்தால்கூடக் கடித்திருப்பேன்.

அவளுடைய அம்மா ஈரப் புடவையோடு பள்ளிக்கு வந்தார். "டீச்சரம்மா, மன்னிப்பு கேட்டா வுட்டுடுவாங்கன்னா கேட்டுட்டுப் போவட்டும். இவ படிப்பு மட்டும் நின்னுடக் கூடாது" என்றார்.

"செய்யாததுக்கு எதுக்கும்மா கேக்கணும்?" என்றாள் மகள்.

"வாய மூடுடி. வாயாலதான கேக்கப் போற. கைய காலயா வெட்டிக் குடுக்கப் போற?"

எனக்கு அந்த அம்மாவின் மேலும் கோபம் வந்தது. பிறகு, ஊருக்கு இளைத்தவர்கள் வேறு எப்படிப் பேச முடியும் என்று நினைத்தபோது அந்தக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் எனக்குள்ளேயே சுற்றியது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அந்த யோசனை வந்தது. மறுநாள் தலைமையாசிரியையிடம் போய் மிகப் பணிவாகச் சொன்னேன். "மேடம், மன்னிப்புக் கேக்க வெச்சிடலாம். ஆனா ஸ்கூல்ல வேணாம். செடி வெச்ச எடத்துலயே வெச்சா நல்லா இருக்கும். கையோட புதுச் செடியும் நட்டுடலாம். மாசிப் பௌர்ணமி வருது, நல்ல நாள். காலைல வெச்சிக்கலாம்."

அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார். கம்பெனிக்காரருக்கு அதைவிடச் சந்தோஷம். சம்பவம் நடந்த இடத்திலேயே என்றால் போட்டோ நன்றாக வருமாம்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல்மட்டம் உயரும் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. எல்லாரும் அதைப் படித்து மதிப்பெண் வாங்கித்தான் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

பௌர்ணமியன்று காலையில் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு போனேன். சேற்று வெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மறுபடியும் அதே பேனர், அதே கொய்யா. தலைமையாசிரியை பட்டுப்புடவையில் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா தள்ளி, சாலையோரமாக நின்றார். கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்து, மன்னிப்பது எவ்வளவு பெரிய குணம் என்று பேச ஆரம்பித்தார்.

தண்ணீர் முதலில் அலையாக வராது. நண்டு வளைகளுக்குள்ளிருந்து ஊறும். சின்னச் சின்ன வாய்க்கால்களில் சத்தமில்லாமல் ஏறும். பெரியவர்கள் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள்.

"டீச்சர், தண்ணி ஏறுது!"

"நல்லாப் பாருங்கடா. அதுக்குப் பேருதான் உயர் ஓதம்" என்றேன்.

கம்பெனிக்காரர், "ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்" என்றார். அவர் ஷூவுக்குள் தண்ணீர் போனது. நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்கின. தலைமையாசிரியை புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, "முருகா, முருகா" என்று ஓடினார். மைக்செட்காரர் வயரைப் பிடுங்கிக்கொண்டு கெட்ட வார்த்தையில் யாரையோ திட்டினார். கொய்யாக் கன்றுகள் பையோடு மிதந்து, வரிசையாகக் கழிக்குள் போயின. பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். எல்லாரும் சாலை மேட்டில் ஏறி நின்றபோது நாங்கள் நின்றிருந்த இடம் முழுவதும் தண்ணீராக இருந்தது.

"சார், செடிய யாரு புடுங்கினதுன்னு பாத்துட்டீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

தலைமையாசிரியை தண்ணீரைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நாளைலேர்ந்து கிளாஸ்ல போயி ஒக்காரு" என்றார். அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கொதித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

கம்பெனிக்காரர் நனைந்த ஷூவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், டைட் வருது, கடல் தண்ணி ஏறுது. இங்க வந்து பாத்தப்பறம்தான் தெரிஞ்சது. இல்ல சார், அது ஒண்ணும் பெரிய பிரச்சனை இல்ல. மண்ணு கொட்டி மேடாக்கிட்டாப் போதும். ஓரத்துல கல்லு அடுக்கித் தண்ணிய நிறுத்திடலாம்."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து கைகூப்பினார். "ரொம்ப தேங்க்ஸ் மேடம். நீங்க மட்டும் இந்த நாள்ல வெக்கச் சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஏறாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், பார்க்கிறோம் என்றார்கள். பங்குனி பிறந்தபோது ஸ்மார்ட் போர்டு வந்தது. சுவரில் மாட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். முதல் பாடமாகக் கழிமுகத்தைத்தான் போட்டுக் காட்டினேன். வெளிநாட்டுக் கழிமுகம் ஒன்று நீலமும் பச்சையுமாகப் பளிச்சென்று தெரிந்தது. வெளியே சாலையில் செம்மண் லாரி ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. என் குரல் எடுபடவில்லை.

அந்தப் பெண் தன் பழைய இடத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகு என் மேசை அருகே வந்து நின்றாள்.

"டீச்சர், செடிய நாந்தான் புடுங்கனேன்னு ஒத்துகினு இருந்தா, திரும்பத் திரும்ப செடியத்தான நட்டுகினு இருந்துருப்பாங்க?"